தாளில் எட்டு நாற்பது

பழைய கட்டைப் பிய்த்து இழுக்கக்கூடாது. உப்புத் தண்ணீரை விட்டு, அது ஊறி, துணி தானாக விட்டுக்கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டும். கட்டுக்காரம்மா இடது கையால் தையல்காரரின் குதிகாலைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் துணியின் ஓரத்தை நனைத்து நனைத்துத் தூக்கிக்கொண்டிருந்தாள். கடைசி அடுக்கு சதையோடு ஒட்டிக்கொண்டு அடம்பிடித்தது. இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள்.

"கால் இருக்கா, போயிடுச்சா?" என்றார் தையல்காரர். அவருடைய கண் கூரையில் இருந்தது. தன் காலை அவர் பார்த்து எட்டு மாதமாகிறது.

"இருக்கு. விரல் மூணு. போன வாரமும் மூணுதான்."

"நீங்க போனதும் நான் எண்ணிப் பாப்பேன். ஒண்ணு குறைஞ்சாலும் உங்களைத்தான் கேப்பேன்."

"உங்க விரலை எடுத்துட்டுப் போய் நான் என்ன மோதிரமா மாட்டப் போறேன்? ஆட்டாம இருங்க."

துணி கழன்றது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது, நாற்றம் இல்லை. அவள் அளவுகோலை வைத்து அளந்தாள், புதுக் கட்டைப் போட்டாள், கையுறையைக் கழற்றினாள். பிறகு பையிலிருந்து வருகைத் தாளை எடுத்து, 'வந்த நேரம் 8.00, கிளம்பிய நேரம் 8.40' என்று எழுதினாள். அப்போது சுவர்க் கடிகாரத்தில் எட்டு நாற்பத்திரண்டு. அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது அவளுடைய வேலை. அதனால்தான் அந்தப் பெயர். ஐம்பத்து நான்கு வயது. அதற்கு முன்னால் பதினொரு வருஷம் மருத்துவமனை வார்டில் உதவியாளாக இருந்தாள். நடுவில் ஆறு வருஷம், படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாரைப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். மாமியார் போன பிறகு, இத்தனை செய்தாயிற்று, இதையே படித்துச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று பயிற்சிக்குப் போனாள். நாற்பத்து மூன்றாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் கணவர். அவர் பேருந்து ஓட்டுநர். மூன்று மாதம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்து மிதித்துத்தான் தன் முழங்கால் கெட்டது என்று இன்றைக்கும் சொல்வார். இப்போது இரண்டு முழங்காலும் மடங்குவதில்லை. வீட்டில் சம்பாதிக்கிற கை அவளுடையது மட்டும்தான்.

ஒரு நாளைக்குப் பதினோரு வீடு. நகரத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. பேருந்தில் போனால் நான்கு வீட்டைத் தாண்ட முடியாது. கார் இல்லாவிட்டால் வேலை இல்லை.

அன்று அவளுடைய பையில், கையுறைப் பெட்டிக்கு அடியில், இரண்டாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தது. அவளுடைய காரின் பின்பக்கப் படம், வண்டி எண், பள்ளிக்கூடத் தெரு. காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை அந்தத் தெருவில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது. அவள் போனது ஐம்பத்திரண்டு. நேரம் காலை 8.47. கீழே இரண்டு கட்டங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். இருபத்தோரு நாளுக்குள் ஏதாவது ஒன்றில் குறி போட்டு அனுப்ப வேண்டும்.

அபராதம் மட்டுமென்றால் கட்டிவிட்டு மறந்திருப்பாள். ஆனால் சட்டம் புள்ளிக் கணக்கில் ஓடுகிறது. மூன்று வருஷத்துக்குள் பன்னிரண்டு குற்றப்புள்ளி சேர்ந்தால் ஆறு மாதம் உரிமம் கிடையாது. அவளிடம் ஏற்கெனவே எட்டு இருந்தது. முதல் நான்கு, ஒரு வீட்டில் ஆக்சிஜன் உருளை தீரப்போகிறது என்று பறந்தபோது வந்தது. இரண்டாவது நான்குக்குக் காரணம் எதுவும் கிடையாது. பசி, வீட்டுக்குப் போகும் அவசரம். இந்த மூன்றாவது வந்தால் கணக்கு முடிந்தது.

அன்று மாலை கணவர் அந்தக் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். முதலில் ஒரு பிரசங்கம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். ஒரு அபராதச் சீட்டு, ஒரே ஒரு சீட்டு வாங்கியிருக்கேனா?"

"உங்க பஸ்ஸு நாப்பதுக்கு மேல போனா கதவு கழண்டு விழுந்துடும். அதுல எங்க சீட்டு வாங்கறது?"

"பேச்சுல ஒண்ணும் குறைச்சல் இல்ல." அவர் கண்ணாடியை நகர்த்தினார். "எட்டு நாப்பத்தேழு. அன்னிக்கு அந்நேரம் எங்க இருந்தே?"

அவள் வருகைத் தாள்களின் நகல் கட்டை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் தேதியைத் தேடி எடுத்தார். எட்டு மணி, தையல்காரர். எட்டு நாற்பது, அடுத்த நோயாளி தபாலம்மா. அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு தாளைத் தொடையில் தட்டினார்.

"அடியேய், நீதான் ரோட்டுலயே இல்லையே!"

"ரோட்டுலதான் இருந்தேன். உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அந்த வேலையில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். அலுவலகம் போடுகிற அட்டவணையில் ஒரு வீடு எட்டு நாற்பதுக்கு முடியும், அடுத்த வீடு எட்டு நாற்பதுக்கே தொடங்கும். நடுவில் பதினைந்து நிமிஷத் தூரம் இருக்கிறது என்பது அட்டவணைக்குத் தெரியாது. உண்மை நேரத்தை எழுதினால் தாமதம் என்று சிவப்புக் கோடு விழும். மூன்று சிவப்புக் கோடு விழுந்தால் கூப்பிட்டு விசாரணை. அதனால் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வைக்காரி சொல்லிக்கொடுத்துவிடுவாள்: அட்டவணையில் என்ன இருக்கிறதோ அதையே தாளில் எழுதுங்கள். வேலைக்காரர்களுக்குள் அதற்குப் பெயர்கூட உண்டு. ஒன்று தாள் நேரம், இன்னொன்று ரோட்டு நேரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்து மணிக்கு முடித்து, இந்தப் பக்கம் பத்து மணிக்குத் தொடங்கியதாக எழுதிய ஒருத்தியை, 'இறக்கை எங்கே கழட்டி வெச்சே?' என்று மற்றவர்கள் இன்னும் கேலி செய்வார்கள்.

"நீ இருந்தியா இல்லையாங்கறது இல்ல பேச்சு," என்றார் கணவர். அவருடைய கண் பளபளத்தது. ஓய்வு பெற்ற பிறகு இப்படிப் பளபளத்ததில்லை. "தாள்ல இருக்கு. அலுவலக முத்திரையும் வாங்கிக்கலாம். எட்டு நாப்பதுக்கு நீ ஒரு வீட்டுக்குள்ள. கேமரா என்னடான்னா எட்டு நாப்பத்தேழுக்கு ரோட்டுலங்குது. அப்போ கேமராவோட கடிகாரம் தப்பு. கடிகாரமே தப்புன்னா அது சொல்ற வேகத்தை எவன் நம்புவான்? இந்தக் கட்டத்துல குறி போடு. மறுக்கிறேன்."

"அந்தத் தபாலம்மா செத்துட்டாங்க."

"தெரியும், சொன்னியே. பாவம். அதுக்கும் இதுக்கும் என்ன?"

அவள் அடுப்பைத் துடைக்கப் போனாள். கணவர் தானே பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்தில் குறி போட்டு, கையெழுத்துக்கு நீட்டினார். அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

கேமரா படம் பிடித்த அன்று காலை நடந்தது இதுதான். தையல்காரரின் புண்ணில் ஒரு சின்ன ரத்தக்குழாய் விட்டுக்கொண்டது. அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்று, கட்டுப் போட்டுக் கிளம்பும்போது எட்டு நாற்பத்து மூன்று. பள்ளிக்கூடத் தெருவில் அடித்து ஓட்டினாள். பிள்ளைகள் எல்லாம் உள்ளே போய்விட்டார்கள், தெரு காலியாகத்தான் இருந்தது. தபாலம்மாவின் கதவைத் திறந்தபோது எட்டு ஐம்பத்தாறு.

தபாலம்மா தபால் நிலையத்தில் நாற்பது வருஷம் முத்திரை குத்தியவர். எண்பத்தோரு வயது. தனியாக இருந்தார். காலில் புண், நடக்க ஒரு கைச்சட்டம். கட்டுப் போட வருகிறவள்தான் காலையில் அவரை எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று அவர் கழிவறை வாசலில் கிடந்தார். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது. அதைப் பார்த்ததுமே இடுப்பு எலும்பு போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. நைட்டி நனைந்திருந்தது. அவருக்கு நினைவு நன்றாக இருந்தது.

"மணியைப் பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார் தபாலம்மா. "முக்கால் வரைக்கும் பாத்தேன். நீ வரல. இன்னும் அஞ்சு நிமிஷம் பொறுத்தேன். அதுக்கு மேல அடக்க முடியலடி."

அவள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். போர்வையைப் போர்த்தினாள். காலை அசைக்காமல் தலையணை முட்டுக்கொடுத்தாள். நனைந்த துணியை மாற்றினாள், ஆம்புலன்ஸ்காரர்கள் முன்னால் அந்த அம்மாள் அப்படிக் கிடக்கக்கூடாது என்று. எல்லாம் சரியாகச் செய்தாள். அவர்கள் தூக்கிக்கொண்டு போனதும் சமையலறை மேசையில் உட்கார்ந்து தாளை எழுதினாள். 'வந்த நேரம் 8.40. நோயாளி தரையில் விழுந்து கிடந்தார்.' கை பழக்கத்தில் எழுதிவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதிதான் உண்மை. எழுதிய பிறகு அவள் ஒரு முறை படித்தாள். திருத்தவில்லை. ஒரு நகலை அந்த வீட்டுக் கோப்பில் செருகினாள், ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் தபாலம்மா மருத்துவமனையில் நுரையீரலில் சளி கட்டி இறந்துபோனார்.

நீதிமன்ற விசாரணைக்குத் தாளின் உறுதி செய்த நகல் வேண்டும் என்று அலுவலகத்துக்குப் போனாள். மேற்பார்வைக்காரி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். மேசையில் மூன்று தொலைபேசி, மூன்றும் அடித்துக்கொண்டிருந்தன. முத்திரையை ஊதிவிட்டு ஓங்கிக் குத்தினாள்.

"நல்ல யோசனைக்கா. கேமராக்காரனுக்கு ஒரு பாடம். யாரு சொல்லிக்குடுத்தா, அண்ணனா?"

"அவருக்கு வேற என்ன வேலை."

"அந்தம்மாவோட பொண்ணும் பேப்பர் கேட்டு எழுதியிருக்கு. எத்தனை மணிக்கு ஆள் வந்துச்சு, எத்தனை நேரம் அம்மா கிடந்தாங்கன்னு. இதே நகலைத்தான் அனுப்பப் போறேன்." மேற்பார்வைக்காரி குரலைத் தணித்தாள். "நல்லவேளை நம்ம தாள் சுத்தமா இருக்கு. ஒரு தாளைத் தோண்டினா எல்லாத் தாளையும் தோண்டுவாங்க. புரியுதில்ல? அப்புறம், அங்க நம்ம கைச்சட்டம் ஒண்ணு கிடக்கு. போற வழிதானே, எடுத்துட்டு வந்துருங்க."

அவள் போனபோது தபாலம்மாவின் மகள் அந்த வீட்டில் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அலமாரியை ஒழித்துத் துணிகளைத் தரையில் குவித்துவைத்திருந்தாள். கட்டுக்காரம்மாவின் கண் முதலில் அவளுடைய கையில் போயிற்று. முன்கையில் மூன்று சூட்டுக் காயம், மூன்றும் புதிது, ஒன்று கொப்புளம் உடைந்து நீர் வைத்திருந்தது. வருஷக்கணக்கில் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. அந்தக் கை ஒரே வாரத்தில் மூன்று தடவை சுட்டுக்கொள்ளாது.

"இது எப்படி ஆச்சு?"

"தெரியல சிஸ்டர். கவனம் இல்ல. தூக்கமே இல்ல."

அவள் பையைத் திறந்து அந்தக் கையைக் கழுவி, மருந்து வைத்துக் கட்டினாள். கட்டும்போது மகள் பேசிக்கொண்டே போனாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தவள் மாதிரி.

"அன்னிக்கு எட்டு முப்பத்தஞ்சுக்கு நான்தான் போன் பண்ணினேன். அம்மா ஏதோ பழைய கதையை எடுத்தா. கடையில மூணு பேர் நிக்கறாங்க. இப்ப சிஸ்டர் வந்துருவாங்க, போனை வைம்மான்னு கத்திட்டேன். வெச்சுட்டேன். கோப்புல உங்க தாளைப் பாத்தேன், எட்டு நாப்பது. வெறும் அஞ்சு நிமிஷம் சிஸ்டர். நான் போனை வெச்ச கையோட எழுந்திருக்கா. அம்மாவுக்கு மூக்குக்கு மேல கோவம் வரும். இவ என்ன என்னைக் கத்தறதுன்னு வெடுக்குனு எழுந்திருப்பா. விழுந்துட்டா."

கட்டுக்காரம்மா முடிச்சைப் போட்டாள்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா? என் மேல கோவமா இருந்தாளா?"

"கோவமா இல்ல."

"நீங்க நல்லவங்க, அப்படித்தான் சொல்வீங்க."

அவள் கைச்சட்டத்தை மடக்கி எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சாகிறவர்களையும் பார்த்திருக்கிறாள், அவர்கள் போன பிறகு துக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறவர்களையும் பார்த்திருக்கிறாள். இரண்டாவது வகையில் இந்த மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று அவளால் சொல்ல முடியும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. கைச்சட்டத்தைத் தூக்கி வண்டியில வெச்சேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர். "போனவங்க போயிட்டாங்க. நீ உண்மையைச் சொன்னா அவங்க எழுந்து வரப்போறாங்களா? லைசென்ஸ் போகும். தாளை மாத்தி எழுதினேன்னு வேலையும் போகும். அப்புறம் நாம ரெண்டு பேரும் என்ன பண்றது? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நான் பஸ் ஓட்டப் போகவா?"

"நான் எதையாவது சொல்லப் போறேன்னு சொன்னேனா? சாப்பிடுங்க."

விசாரணை நாளில் அவளுக்கு முன்னால் ஒன்பது பேர். போக்குவரத்து நீதிமன்றம் என்பது ஒரு நீளமான அறை, நான்கு பெஞ்சு, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. ஒருவர் வேகப் பலகையை மரக்கிளை மறைத்த படத்தைச் சட்டம் போட்டே கொண்டுவந்திருந்தார். இலையுதிர்ந்த காலத்தில் உங்களைப் பிடித்திருக்கிறார்களே என்று நீதிபதி கேட்டதும் படத்தைக் கவிழ்த்துக்கொண்டு பணம் கட்டப் போனார். இன்னொருவர், எனக்குப் பின்னால் வந்தவன் இன்னும் வேகமாக வந்தான், அவனுக்கு வழி விடத்தான் வேகமாகப் போனேன் என்றார். பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை, களைத்துப்போன ஆள். பத்தாவதாக அவளைக் கூப்பிட்டார்கள். கணவர் ஊன்றுகோலோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டித் தைரியம் சொன்னார்.

உண்மையே சொல்வேன் என்று அவள் உறுதிமொழி எடுத்தாள். நீதிபதி தாளை வாங்கிப் பார்த்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"ஆமாங்க."

"எப்ப எழுதினது?"

"அன்னிக்கே. அந்த வீட்டுலயே."

அவர் அதை வாய்விட்டுப் படித்தார். "வந்த நேரம் எட்டு நாற்பது. நோயாளி தரையில் விழுந்து கிடந்தார்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "அப்புறம் அவங்க எப்படி இருக்காங்க?"

"ஒன்பது நாள் கழிச்சு இறந்துட்டாங்க."

"வருத்தமான விஷயம்." அவர் கேமராப் பிரிவு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "வேகத்துக்குச் சான்றிதழ் வெச்சிருக்கீங்க. கடிகாரத்தைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?"

அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். வேகத்தை அளக்கும் பகுதி மாதா மாதம் சோதிக்கப்படுகிறது, கடிகாரத்துக்குத் தனியாகப் பதிவு இல்லை என்றார்.

"இந்தத் தாள் சரியான நேரம்தானே?" என்று நீதிபதி அவளைக் கேட்டார். சும்மா ஒரு முறைக்காகக் கேட்டது. அவர் ஏற்கெனவே பேனாவின் மூடியைத் திறந்துவிட்டார்.

பதினோரு வருஷமாக ஆயிரக்கணக்கில் நேரம் எழுதியிருக்கிறாள். அதில் ஒன்றையும் யாரும் அவள் காதில் படித்துக் காட்டியதில்லை. மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. கடைசிப் பெஞ்சில் ஊன்றுகோல் தரையில் உரசியது.

"சரியான நேரம்தாங்க," என்றாள்.

கீழே விழுந்த ஒரு முதியவரைக் கவனித்துக்கொண்டிருந்த பெண் அதே நிமிஷத்தில் தெருவில் வண்டி ஓட்டியிருக்க முடியாது, சந்தேகத்தின் பலன் அவருக்கே, வழக்கு தள்ளுபடி என்று நீதிபதி எழுதினார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அதிகாரி அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் கணவர் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தார். "மூஞ்சியைப் பாத்தியா அவன் மூஞ்சியை? கடிகாரத்துக்குப் பதிவு இல்லையாம்! நான் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்." அவள் இருபத்தெட்டில் ஓட்டினாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். "ஏம்மா, நடந்து போறவன் நம்மளைத் தாண்டிப் போறான். கொஞ்சம் மிதி," என்றார். அவள் மிதிக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, அவரை இறக்கிவிட்டு, கையைப் பிடித்துப் படியேற்றினாள். அன்றைய மீதி வீடுகளுக்குப் போனாள். தாளில் அட்டவணை நேரத்தையே எழுதினாள்.

மறுநாள் காலை ஆறரைக்கே கிளம்பினாள். எங்கே இவ்வளவு சீக்கிரம் என்று கணவர் படுக்கையிலிருந்து கேட்டார். அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தப் பொண்ணைப் பாக்கப் போறேன்," என்றாள். அவர் எழுந்து உட்கார முயல்வது கேட்டது. முழங்கால் ஒத்துழைக்க நேரமாகும். அவள் காத்திருக்கவில்லை.

சலவைக் கடையில் அப்போதுதான் கதவை ஏற்றியிருந்தார்கள். மகள் ஒருத்திதான் இருந்தாள். பெட்டியைச் சூடேற்றி, ஒரு வெள்ளைச் சட்டையின் காலரை விரித்துக்கொண்டிருந்தாள். கையில் கட்டுக்காரம்மா போட்ட கட்டு இல்லை. அந்த இடத்தில் தழும்புகளும், பக்கத்தில் புதிதாக இன்னொரு சூடும் இருந்தன.

"பெட்டியைக் கீழ வைங்க," என்றாள் கட்டுக்காரம்மா. "அணைச்சுட்டு உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

மகள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள், உட்காரவில்லை.

கட்டுக்காரம்மா சுற்றி வளைக்கவில்லை. "நான் உங்கம்மா வீட்டுக்கு வந்தது எட்டு நாப்பதுக்கு இல்ல. எட்டு அம்பத்தாறுக்கு. தாள்ல இருக்கறது பொய். உங்கம்மா உங்க போனை வெச்சதும் எழுந்திருக்கல. கோவத்துல எழுந்திருக்கல. கட்டில்ல உக்காந்து மணியைப் பாத்துக்கிட்டு எனக்காகக் காத்திருந்தாங்க. எட்டு அம்பதுக்கு மேல அடக்க முடியாம எழுந்து கழிவறைக்கு நடந்தாங்க. அப்பதான் விழுந்தாங்க. இதை அவங்களே என்கிட்ட சொன்னாங்க. உங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நான் நேரத்துக்கு வந்திருந்தா அவங்க விழுந்திருக்க மாட்டாங்க."

பெட்டி டிக்கென்று ஒரு சத்தம் போட்டுச் சூடு நின்றது.

"நான் போனை வெச்சதுக்கு அப்புறம் கால் மணி நேரம் உக்காந்திருந்தா."

"ஆமா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வழியில. அம்பத்திரண்டுல வந்துக்கிட்டிருந்தேன்."

"வந்து?"

"வந்து என்ன. நேரத்துக்கு வரல."

மகள் அழுக்குத் துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. "அன்னிக்கு என் கையைப் பிடிச்சுக் கட்டுப் போட்டீங்களே. நான் தூங்கலன்னு சொன்னேனே. அப்ப தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

"தெரிஞ்சும் போயிட்டீங்க. முப்பத்தஞ்சு நாள்."

"போயிட்டேன். நேத்து நீதிமன்றத்துலயும் அந்தத் தாள் சரின்னு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். லைசென்ஸுக்காக."

"இப்ப எதுக்கு வந்தீங்க? நான் பரவாயில்லைன்னு சொல்லணுமா?"

"வேண்டாம்."

வெளியே ஒருவர் துணிப் பையோடு வந்து நின்றார். மகள் உட்கார்ந்தபடியே, "கடை இன்னும் திறக்கல," என்றாள். அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார், அவர்கள் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார்.

மகள் எழுந்தாள். மேசையிலிருந்த ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கமாகத் திருப்பி வைத்தாள். பேனாவை அதன்மேல் போட்டாள்.

"எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நாளைக்கு இல்லம்பீங்க."

கட்டுக்காரம்மா இஸ்திரி மேசையில் குனிந்து எழுதினாள். தையல்காரர் வீட்டிலிருந்து கிளம்பியது 8.43. பள்ளிக்கூடத் தெரு 8.47. தபாலம்மாவின் வீட்டுக் கதவைத் திறந்தது 8.56. கிடந்த இடம், கிடந்த விதம், அவர் சொன்ன வார்த்தைகள், ஒன்று விடாமல். தாளில் பொய் எழுதியது. நீதிமன்றத்தில் பொய் சொன்னது. அடியில் முழுப் பெயரோடு கையெழுத்து. எழுத்து நேராக, புண்ணின் அளவை எழுதுகிற அதே எழுத்தாக இருந்தது.

"இதை எங்க வேணும்னாலும் காட்டுங்க. அலுவலகம், நீதிமன்றம். எனக்கு என்ன ஆகும்னு யோசிக்க வேண்டாம், அது என் பாடு."

"யோசிக்கப் போறதில்ல," என்றாள் மகள். தாளை ஒருமுறை மெதுவாகப் படித்தாள். அம்மா சொன்ன வார்த்தைகள் இருந்த இடத்தில் அவளுடைய விரல் நின்றது. அந்த வரியை மட்டும் இன்னொரு முறை படித்தாள். பிறகு தாளை மேசையில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"தேதி போடல."

அவள் தேதியைப் போட்டாள். அதன் பக்கத்தில் நேரத்தையும் எழுதுவதற்காகத் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஏழு ஐந்து. அப்படியே எழுதினாள்.